தாமிர விலை ஊருக்கே தெரியும். அப்புறம் லாபம் எப்படி வெளியே போகிறது? (சாம்பியா, மோபானி வழக்கு)

வரப்பு கேட்டது:

வணக்கம். சாம்பியாவின் மோபானி தாமிரச் சுரங்க வழக்கு பற்றி ஒரு சந்தேகம். மோபானி தன் தாமிரத்தை கிளென்கோர் இன்டர்நேஷனல் என்ற சுவிட்சர்லாந்து நிறுவனத்துக்கு விற்றது. அப்போது இரண்டும் ஒரே குழுமம். வெளியாருக்கு விற்ற விலையைவிடக் குறைத்து விற்றார்கள் என்று 2006 முதல் 2009 வரையிலான மூன்று வரி ஆண்டுகளுக்கு அந்நாட்டு வருவாய் ஆணையம் கூடுதல் வரி போட்டது. 2020 மே மாதம் உச்ச நீதிமன்றமும் ஆணையத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. தொகை 24 கோடி குவாச்சா (சாம்பியாவின் நாணயம்).

எனக்குப் புரியாதது இதுதான். தாமிரத்துக்கு லண்டன் உலோகச் சந்தையில் தினமும் விலை அறிவிக்கிறார்கள். அது மறைக்க முடியாத விலை. அப்படியிருக்க எங்கே குறைத்துக் காட்டுகிறார்கள்? வரி அலுவலகம் எந்தத் தாளைக் கேட்டால் அது தெரியும்? விலையை அடைத்துவிட்டால் லாபம் வேறு எந்த வழியாகப் போகும்? "பன்னாட்டு நிறுவனங்கள் வரியைத் தவிர்க்கின்றன" என்ற அளவில் நிறையக் கட்டுரைகள் உண்டு. கணக்கோடு யாராவது சொன்னால் உதவி.

---

துலாக்கோல் பதில்:

லண்டன் விலை என்பது 99.99% சுத்தமான கேத்தோடு தகட்டின் விலை. சுரங்கத்திலிருந்து கப்பல் ஏறுவது பல இடங்களில் கான்சென்ட்ரேட், அதாவது செறிவூட்டிய தாதுப்பொடி. அதில் தாமிரம் 25 முதல் 30% வரை இருக்கும். அந்தப் பொடிக்கும் லண்டன் விலைக்கும் நடுவே ஒரு சூத்திரம் இருக்கிறது. கை வைப்பது அங்கேதான். நெல் கொள்முதல் நிலையத்தில் அரசு விலை பலகையில் எழுதியிருக்கும். ஆனால் ஈரப்பதம், பதர், எடை என்று சொல்லி மூட்டைக்கு இவ்வளவு கழிப்பார்களே, அதே சங்கதி.

ஒரு மாதிரிக் கணக்கு. உலர் எடை 1 டன், தாமிரம் 30%, லண்டன் விலை 9,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம்.

உருக்காலை எல்லாத் தாமிரத்துக்கும் காசு தராது. வழக்கமான ஒப்பந்தத்தில் 96.5%க்குத்தான் பணம், குறைந்தபட்சக் கழிவு 1 சதவீதப் புள்ளி (3.5% கழிவு அதைவிடக் குறைவாக வந்தால் 1 புள்ளியே கழியும்). எனவே காசு வரும் தாமிரம் 28.95%, மதிப்பு 2,605.50 டாலர். இதில் உருக்கும் கூலி டன்னுக்கு 80 டாலர் போகும். சுத்திகரிப்புக் கூலி பவுண்டுக்கு 8 சென்ட். அந்த 28.95% என்பது 638 பவுண்டு எடை, அதற்கு 51 டாலர் போகும். கைக்கு வருவது சுமார் 2,474 டாலர்.

இப்போது லண்டன் விலையைத் தொடவே வேண்டாம். தரச் சான்றிதழில் 30 என்பதை 28 என்று எழுதுங்கள். காசு வரும் தாமிரம் 27% ஆகிறது (இங்கே 1 புள்ளிக் கழிவு வேலை செய்கிறது). மதிப்பு 2,430, கூலிகள் போக 2,302 டாலர். டன்னுக்கு 172 டாலர் காணாமல் போயிற்று. 10,000 டன் கப்பலில் 17 லட்சம் டாலர்.

ஈரம் இன்னொரு கதவு. எடைமேடையில் நிற்பது ஈர எடை. 10,000 டன்னில் ஈரம் 8% என்றால் உலர் எடை 9,200; 10% என்றால் 9,000. அந்த 200 டன் வித்தியாசமே கிட்டத்தட்ட 5 லட்சம் டாலர். பொடிக்குள் இருக்கும் தங்கம், வெள்ளிக்குத் தனியாகக் காசு உண்டு. உள்குழும ஒப்பந்தத்தில் அந்த வரியே இல்லாமல் போவதும் உண்டு.

மோபானிக்கு முஃபுலிராவில் சொந்த உருக்காலை இருந்ததால் இந்தத் தரம், ஈரச் சண்டைக்கு அங்கே இடம் குறைவு. அங்கே சண்டை விலையைப் பற்றியே. சுத்தத் தகடாகவே விற்றாலும் ஒரு வழி மிச்சம் இருக்கிறது: எந்த நாளின் விலை? தாமிர ஒப்பந்தத்தில் "விலை மாதம்" என்று ஒன்று இருக்கும். ஏற்றிய மாதம், அதற்கு அடுத்த மாதம், சில சமயம் முந்தின மாதம். வெளியாட்கள் ஒப்பந்தத்தில் அந்த மாதம் தொடங்குமுன்பே எது என்று சொல்லிவிட வேண்டும். உள்குழும ஒப்பந்தத்தில் "வாங்குபவர் விருப்பம்" என்று போட்டு, தேர்வை மாதம் முடிந்தபின் சொல்ல விட்டுவிடுவார்கள். பிப்ரவரி சராசரி 8,200, மார்ச் 8,600, ஏப்ரல் 8,900 என்றால், மார்ச்சில் ஏற்றிய சரக்குக்கு பிப்ரவரி விலை எழுதப்படும். 5,000 டன்னுக்கு ஏப்ரலோடு ஒப்பிட்டால் 35 லட்சம் டாலர். ஒவ்வொரு விலைச்சீட்டிலும் இருப்பது உண்மையான லண்டன் விலைதான். பொய் எதுவும் இல்லை. அதனால்தான் தனி விலைச்சீட்டைப் பார்த்தால் எதுவும் தெரியாது. 36 மாதத்தை வரிசையாக அடுக்கி, எத்தனை தடவை குறைந்த மாதமே விழுந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

---

கோப்புக்கட்டு பதில்:

துலாக்கோல் ஐயா சொன்னதற்குத் தாள் பக்கத்திலிருந்து சேர்க்கிறேன்.

மோபானி வழக்கில் ஆணையத்துக்குக் கிடைத்த பெரிய வசதி, அதே சுரங்கம் அதே காலத்தில் வெளியாருக்கும் கொஞ்சம் விற்றிருந்தது. ஒரே பொருள், ஒரே விற்பனையாளர், இரண்டு விலை. இப்படி உள்ளேயே ஒப்பீடு கிடைத்தால் உலகத் தரவுத்தளத்துக்குச் சந்தா கட்டி, வேறு நாட்டு நிறுவனங்களின் லாப விகிதத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆணையம் அந்த வெளியார் விலையை அளவுகோலாக வைத்தது. "எங்கள் உள்குழும ஏற்பாட்டில் விலை இறங்கும்போது பாதுகாப்பு உண்டு, ஆகவே இது வேறு மாதிரியான ஒப்பந்தம்" என்ற வாதம் எடுபடவில்லை. விலை சந்தை விலைதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்தின் தலையில் என்பதையும் நீதிமன்றம் உறுதி செய்தது. வருங்கால வழக்குகளுக்கு, தொகையைவிட இந்தக் கடைசி விஷயம்தான் பெரிது என்பது என் எண்ணம்.

கேட்க வேண்டிய தாள்கள். விற்பனை ஒப்பந்தமும் அதன் எல்லாத் திருத்தங்களும். திருத்தம்தான் முக்கியம், விலை மாத மாற்றம் பெரும்பாலும் ஒரு பக்கக் கடிதத்தில் ஒளிந்திருக்கும். தற்காலிக விலைச்சீட்டு, இறுதி விலைச்சீட்டு இரண்டும். இறுதிச் சீட்டு மூன்று நான்கு மாதம் கழித்து வரும், சுங்கத்துக்குப் போனது முதல் சீட்டு மட்டுமே. கப்பல் சரக்குச் சீட்டு. எடைச் சீட்டு. இருபக்க ஆய்வக அறிக்கைகள்.

இந்த ஆய்வக அறிக்கையில் ஒரு சின்னக் குறிப்பு. விற்பவரும் வாங்குபவரும் தனித்தனியாக மாதிரி எடுத்துத் தரம் பார்ப்பார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் ஒப்பந்தத்தில் சொன்ன எல்லைக்குள் என்றால் நடுவே பிரித்துக்கொள்வார்கள். தாண்டினால் மூன்றாவது நடுவர் ஆய்வகம். நிஜமாகவே எதிரெதிராக நிற்கும் இருவர் என்றால் ஆண்டில் சில லாட்டாவது நடுவரிடம் போகும். மூன்று வருடத்தில் ஒரு லாட்டுகூடப் போகவில்லை, விற்பவர் ஒவ்வொரு முறையும் வாங்குபவரின் எண்ணுக்கே தலையாட்டியிருக்கிறார் என்றால் அங்கே பேரம் நடக்கவில்லை. கேள்வியை அங்கே தொடங்கலாம்.

கடைசித் தாள், கிடைக்க மிகக் கடினமானது: சுவிஸ் நிறுவனம் அடுத்து யாருக்கு என்ன விலைக்கு விற்றது. "அது எங்களிடம் இல்லை, தாய் நிறுவனத்திடம் இருக்கிறது" என்ற பதில் வரும். சாம்பியா மதிப்புக்கூட்டு வரியின் 18ஆம் விதியை வைத்து இதைச் சுற்றி வளைக்கப் பார்த்தது. ஏற்றுமதிக்கு வரி திருப்பித் தர வேண்டுமென்றால், சரக்கு போய்ச் சேர்ந்த நாட்டின் இறக்குமதிச் சான்று கொண்டுவா என்றது. தாளில் தாமிரம் சுவிட்சர்லாந்துக்குப் போகும். கப்பல் போவது வேறு எங்கோ. சுவிட்சர்லாந்துக்குக் கடலே இல்லை என்பது வேறு விஷயம்! சுரங்கங்களால் சான்று தர முடியவில்லை. திருப்பித்தர வேண்டிய பணம் கோடிக்கணக்கான டாலர் அரசிடம் தேங்கியது, 2015இல் விதியைத் தளர்த்த வேண்டியதாயிற்று. நோக்கம் சரி, கருவி தப்பு. ஏற்றுமதியாளருக்கு உரிய பணத்தைப் பிணையாக வைத்தால், விலையில் கை வைக்காதவரும் சேர்ந்து மாட்டுவார்.

காலதாமதம் பற்றி ஒரு கணக்கு. 2009 வாக்கில் ஒரு டாலர், இப்போதைய குவாச்சா மதிப்பில், சுமார் 5. (2013இல் மூன்று சைபரை வெட்டினார்கள்.) 2020இல் சுமார் 18. 24 கோடி குவாச்சா அன்றைக்கு வசூலாகியிருந்தால் ஏறக்குறைய 4.8 கோடி டாலர். தீர்ப்பு வந்த நாளில் 1.3 கோடி. வட்டி, அபராதம் தனி. வழக்கில் தோற்றாலும் இழுத்தடித்ததில் யாருக்கு லாபம் என்று பாருங்கள். கூடுதல் வரியை டாலர் மதிப்பில் எழுதும் ஏற்பாடோ, மேல்முறையீட்டுக்கு முன் ஒரு பங்கைக் கட்டும் விதியோ இருந்தால் இந்தக் கசிவு குறையும்.

---

நேர்கோடு பதில்:

மேலே இருவரும் சொன்னது சரி. ஆனால் இதைச் செய்ய எத்தனை பேர் வேண்டும் என்று யோசித்தீர்களா? ஒவ்வொரு சுரங்கத்துக்கும் 36 மாத விலைச்சீட்டு, ஆய்வக அறிக்கை, பிறகு பத்து வருட வழக்கு. ஒரு சின்ன நாட்டின் பெரு நிறுவனப் பிரிவில் இருப்பதே சில பத்துப் பேர். யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைகிற கதை.

அதற்குப் பதில்தான் "ஆறாவது முறை". உள்குழும விற்பனையை மதிப்பிட சர்வதேச வழிகாட்டு நெறியில் ஐந்து விலை முறைகள் இருப்பதால் இந்தப் பெயர். அர்ஜென்டினா 2003இல் கொண்டுவந்தது. சோயா, கோதுமை போன்ற விலை அறிவிக்கப்படும் பொருளை இடைத்தரகு நிறுவனம் வழியாக விற்றால், கப்பல் ஏறிய நாளின் சந்தை விலையையும் ஒப்பந்த விலையையும் பார்த்து, எது அதிகமோ அதன்மேல் வரி. இடைத்தரகருக்கு நிஜமான தொழில் இருக்கிறது என்று காட்டினால் விலக்கு. வாதமே இல்லை, நாள் தெரியும், விலை தெரியும், பெருக்கினால் முடிந்தது. சாம்பியாவே 2008இல், தொடர்புடையவர்களுக்கு விற்கும் உலோகத்துக்கு லண்டன் விலையே விலை என்று வருமான வரிச் சட்டத்தில் எழுதிவிட்டது. இந்தோனேசியா நிலக்கரிக்கு அரசு அளவுகோல் விலை அறிவிக்கிறது. "இது ஏழை நாட்டுக் குறுக்குவழி" என்று முகம் சுளிப்பவர்களுக்கு: நார்வே 1970களிலிருந்தே தன் எண்ணெய்க்கு அரசுக் குழு நிர்ணயிக்கும் விலையில்தான் வரி போடுகிறது.

---

துலாக்கோல் பதில்:

நேர்கோடு நண்பருக்கு: முறை நல்ல முறை. எங்கே உடையும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதலாவது, விலை அறிவிக்கப்படாத பொருளுக்கு ஒன்றும் செய்ய முடியாது. கான்சென்ட்ரேட்டுக்கு லண்டன் விலையை வைத்தாலும் கூலியும் தரமும் ஈரமும் பேரத்துக்குத் திறந்தே கிடக்கின்றன. சட்டத்தில் "தர வித்தியாசத்துக்கு ஏற்பக் கழித்துக்கொள்ளலாம்" என்று ஒரு வரி இருக்கும். எல்லாச் சண்டையும் அந்த வரிக்குள் குடியேறிவிடும். கூலிக்கு அந்த ஆண்டின் சர்வதேச அடிப்படைக் கூலியையே உச்சவரம்பாகச் சட்டத்தில் கட்டி வைக்க வேண்டும்.

இரண்டாவது, கப்பல் நாள் என்பது எல்லா ஒப்பந்தத்துக்கும் நியாயமான நாள் இல்லை. நிஜமான வெளியார் ஒப்பந்தத்தில் விலை மூன்று மாதம் முன்பே பூட்டப்பட்டிருக்கலாம். விலை ஏறும் காலத்தில் அந்த ஏற்றுமதியாளர் வாங்காத காசுக்கு வரி கட்டுவார். இதற்கு நடைமுறை வழி, ஒப்பந்தத்தைக் கப்பல் ஏறுவதற்கு முன்பே வரி அலுவலகத்தில் பதியச் சொல்வது. பதிந்திருந்தால் ஒப்பந்த நாள் செல்லும். பதியாவிட்டால் கப்பல் நாள். பெருவும் அர்ஜென்டினாவும் அப்புறம் இந்தப் பக்கம்தான் வந்தன. பெரும்பாலும் பணக்கார நாடுகளின் அமைப்பான ஓ.ஈ.சி.டி.யின் 2015 வழிகாட்டுதலும் இதற்கு இடம் கொடுத்திருக்கிறது: விலை நாளுக்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லையென்றால் கப்பல் சரக்குச் சீட்டின் தேதியை எடுத்துக்கொள்ளலாம்.

முன்பதிவு வைத்துவிட்டால், மாதம் முடிந்தபின் விலையைத் தேர்ந்தெடுக்கும் வித்தை அன்றைக்கே செத்தது. ஒரு படிவம், ஒரு தேதி முத்திரை. இவ்வளவு மலிவான மருந்து இந்தத் துறையில் வேறு கிடையாது.

---

ஐந்தொகை பதில்:

கேள்வியின் மூன்றாவது பகுதிக்கு யாரும் வரவில்லை. விலையை அடைத்தால் லாபம் செலவுப் பக்கமாகப் போகும். முதலில் வட்டி.

சுரங்கத்தின் பங்கு மூலதனம் 20 கோடி டாலர். குழுமத்தின் நெதர்லாந்து நிறுவனம் 60 கோடி டாலர் கடன் தருகிறது, வட்டி 9%. ஆண்டுக்கு 5.4 கோடி டாலர் வட்டி செலவாக எழுதப்படும். பழைய பாணிச் சட்டம் "கடன், மூலதனத்தைப் போல மூன்று மடங்குக்குள் இருக்க வேண்டும்" என்று சொல்லும். 60க்கு 20, சரியாக மூன்று மடங்கு. தேர்ச்சி! வட்டி விகிதம் 9 ஆக இருந்தாலும் 14 ஆக இருந்தாலும் அந்தச் சட்டத்துக்குக் கண் தெரியாது.

புதிய பாணி, வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் வரும் லாபத்தில் 30%க்கு மேல் வட்டியைச் செலவாக ஏற்காது. அந்த லாபம் 10 கோடி டாலர் என்றால் வரம்பு 3 கோடி. மிச்சம் 2.4 கோடி செலவாக ஏற்கப்படாது; வரி விகிதம் 30% என்றால் 72 லட்சம் டாலர் கூடுதல் வரி. இதைக் கண்டுபிடிக்க ஒப்பீடும் வேண்டாம், நிபுணரும் வேண்டாம், ஐந்தொகையும் லாப நட்டக் கணக்கும் போதும். சாம்பியா 2019 முதல் இந்தப் பக்கம் வந்துவிட்டது. இந்தியாவில் 2017 நிதிச் சட்டம் கொண்டுவந்த 94பி பிரிவும் இதே 30% தான்: வட்டி 1 கோடி ரூபாயைத் தாண்டினால் பொருந்தும், ஏற்கப்படாத வட்டியை 8 ஆண்டு வரை எடுத்துச் செல்லலாம். வெளி வங்கி கொடுத்த கடனாக இருந்தாலும், பின்னால் நின்று உத்தரவாதம் கொடுத்தது வெளிநாட்டுத் தொடர்புடைய நிறுவனம் என்றால் அதுவும் இந்த வலைக்குள்.

எங்கே தப்பும்? "வட்டி" என்ற சொல்லின் வரையறையில். வட்டியைக் குறைத்துவிட்டு "உத்தரவாதக் கட்டணம்", "கடன் ஏற்பாட்டுக் கட்டணம்", இயந்திரக் குத்தகைக்குள் மறைந்த நிதிச்செலவு, அந்நியச் செலாவணி நட்டம் என்று பெயர் மாற்றுவார்கள். வரையறையில் "வட்டிக்குச் சமமான எல்லாக் கொடுப்பனவும்" என்று இவற்றைப் பெயர் சொல்லிச் சேர்க்காவிட்டால் சட்டம் ஓட்டைப் பானைதான். இன்னொன்று, விலை சரிந்த ஆண்டில் லாபம் ஒடுங்கும், நிஜமான வங்கிக் கடன் வைத்திருப்பவனையும் அமுக்கும். அதற்குத்தான் எடுத்துச் செல்லும் வசதி. அதை வெட்டிவிட்டுச் சட்டம் எழுதுவது அநியாயம்.

அடுத்தது ஹெட்ஜிங் நட்டம். விலை விழுந்தால் காப்பு என்று சொல்லி, எதிர்ப்பக்கத்தில் தன் குழும நிறுவனத்தையே வைத்து ஒப்பந்தம் போட்டு, நட்டம் எப்போதும் சுரங்கத்திலும் லாபம் எப்போதும் வெளியிலும் விழும்படி செய்யலாம். சாம்பியா 2008இல் எளிய வெட்டு ஒன்று போட்டது: ஹெட்ஜிங் தனி வருமான மூலம், அதன் நட்டத்தைச் சுரங்க லாபத்தில் கழிக்காதே. 2009இல் விலைச் சரிவு வந்தபோது அதையும், அதே 2008இல் கொண்டுவந்த திடீர் லாப வரியையும் சேர்த்தே கைவிட்டார்கள். விலை இறங்கும்போது கொடுத்த சலுகை, விலை ஏறியதும் தானாகத் திரும்பாது.

மூன்றாவது, மேலாண்மைக் கட்டணம். "தலைமை அலுவலகச் சேவை, விற்றுமுதலில் 3%" என்று ஒரு வரி விலைச்சீட்டு வரும். விற்றுமுதலின் சதவீதமாக எழுதப்பட்ட சேவைக் கட்டணத்தைப் பார்த்தாலே சந்தேகப்பட வேண்டும்; விலை ஏறியதால் வக்கீலும் கணக்கரும் கூடுதலாக உழைத்துவிடுவதில்லை. கேட்க வேண்டியது செலவு விவரம்: மொத்தச் செலவு எவ்வளவு, எத்தனை துணை நிறுவனங்களுக்கு, எந்த அளவுகோலில் பங்கிட்டார்கள். வழக்கமான அலுவலக உதவிக்குச் செலவின் மேல் 5% லாபம் போதும் என்று சர்வதேச நெறியே சொல்கிறது. அத்துடன், கட்டணம் நாட்டை விட்டுப் போகும்போதே மூலத்தில் பிடித்தம். பிடித்தம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடக்கூடாது. இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் அதைச் சைபர் ஆக்கியிருக்கும். சாம்பியா அயர்லாந்துடன் 1971இல் போட்ட ஒப்பந்தத்தை 2015இல் மறுபேச்சு நடத்தித் திருத்தியதும், செனகல் 2019இல் மொரிஷியஸ் ஒப்பந்தத்தை ரத்து செய்ததும், மங்கோலியா 2012இல் நெதர்லாந்து, லக்சம்பர்க் ஒப்பந்தங்களிலிருந்து வெளியேற முடிவெடுத்ததும் இந்தக் காரணத்தால்தான்.

---

வரப்பு பதில்:

எல்லோருக்கும் நன்றி. விலை மாதக் கணக்கு இப்போதுதான் பிடிபட்டது. ஒரு துணைக் கேள்வி: சுரங்கத்தை விற்காமல், சுரங்கத்தை வைத்திருக்கும் கேமன் தீவு நிறுவனத்தின் பங்கை விற்றால்? வோடஃபோன் வழக்கு மாதிரி. இதற்குச் சின்ன நாடுகள் என்ன செய்கின்றன? இந்தியா சட்டம் கொண்டுவந்தும் கடைசியில் திரும்ப வாங்கிக்கொண்டது அல்லவா?

---

கோப்புக்கட்டு பதில்:

இந்தியா சட்டத்தைத் திரும்ப வாங்கவில்லை, அதன் பின்தேதியை மட்டும் வாங்கிக்கொண்டது. பலர் இங்கே குழம்புகிறார்கள்.

2007இல் ஹட்சிசன் குழுமம், இந்தியத் தொலைபேசித் தொழிலைப் பிடித்திருந்த கேமன் தீவு நிறுவனம் ஒன்றின் பங்கை வோடஃபோனின் நெதர்லாந்து நிறுவனத்துக்கு சுமார் 1,100 கோடி டாலருக்கு விற்றது. வாங்கியவர் பிடித்தம் செய்திருக்க வேண்டும் என்றது வருமான வரித்துறை. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுத்தது. அதே ஆண்டு நிதிச் சட்டத்தில், இந்தியச் சொத்திலிருந்து கணிசமான மதிப்பைப் பெறும் வெளிநாட்டுப் பங்கின் விற்பனைக்கும் இங்கே வரி உண்டு என்று எழுதி, அதை 1962 முதலே பொருந்தும் என்றார்கள். அந்தப் பின்தேதிதான் ஹேக் நடுவர் மன்றத்தில் 2020இல் அடிவாங்கியது. 2021இல் பழைய பரிவர்த்தனைகளுக்கு மட்டும் விலக்கு கொடுத்து, வசூலித்ததை வட்டியில்லாமல் திருப்பித் தந்தார்கள். 2012க்குப் பிந்தைய விற்பனைகளுக்கு விதி இன்றும் இருக்கிறது: இந்தியச் சொத்தின் மதிப்பு 10 கோடி ரூபாய்க்கு மேல், அந்த வெளிநாட்டு நிறுவனச் சொத்தில் பாதிக்குக் குறையாமல்.

சின்ன நாடுகளுக்குச் சட்டத்தைவிட வசூல்தான் சிக்கல். விற்றவர் பணத்தோடு போய்விட்டார், ஊரில் அவருக்கு ஒரு நாற்காலிகூட இல்லை. உகாண்டா இதில் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டது. 2010இல் ஹெரிடேஜ் நிறுவனம் தன் எண்ணெய் வட்டாரங்களை டல்லோ என்ற எண்ணெய் நிறுவனத்துக்கு 145 கோடி டாலருக்கு விற்றது. (இது நேரடிச் சொத்து விற்பனை, மறைமுக விற்பனை இல்லை. ஆனால் வசூல் பாடம் ஒன்றே.) மூலதன ஆதாய வரி 43.4 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். விற்றவர் முழுவதையும் கட்ட மறுத்தார். உரிமம் கைமாற அரசு ஒப்புதல் வேண்டும் என்பது பிடி. வாங்கியவரான டல்லோவை விற்றவரின் முகவராக அறிவித்து மீதிப் பணத்தை அவரிடமே வாங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த இரு நிறுவனங்களும் லண்டனில் ஒன்றோடொன்று வழக்காடிக்கொண்டன. உகாண்டாவின் கையில் பணம்.

ஆகவே சட்டத்தில் மூன்று வரி வேண்டும். உள்ளூர் நிறுவனத்தின் இறுதிக் கட்டுப்பாடு கைமாறினால் அந்த உள்ளூர் நிறுவனம் இத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் வரிக்கு அதுவே பொறுப்பு. வரிச் சான்று இல்லாமல் சுரங்க உரிம மாற்றத்துக்கு ஒப்புதல் கிடையாது. மூன்றாவது வரி சுரங்கத்துறைச் சட்டத்தில் இருக்க வேண்டும், வரிச் சட்டத்தில் இருந்தால் சுரங்கத்துறை அதிகாரி அதைப் படிக்கவே மாட்டார்.

தொகையை ஊதிப் பெரிதாக்கவும் கூடாது. தான்சானியா 2017இல் தங்கச் சுரங்க நிறுவனம் ஒன்றிடம் வரி, வட்டி, அபராதம் சேர்த்து 19,000 கோடி டாலர் கேட்டது. கான்சென்ட்ரேட் ஏற்றுமதிக்கும் தடை. கடைசியில் 2020இல் கையெழுத்தானது 30 கோடி டாலரும் கூட்டு நிறுவனத்தில் 16% இலவசப் பங்கும். பங்கு கிடைத்தது நல்ல பேரம்தான். ஆனால் கேட்ட எண்ணை வைத்துப் பார்த்தால் அடுத்த கோரிக்கையை யார் நம்புவார்கள்?

---

நேர்கோடு பதில்:

15% உலகக் குறைந்தபட்ச வரி வந்துவிட்டதே, இனி இதெல்லாம் தேவையா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள், அதனால் முன்கூட்டியே. சாம்பியச் சுரங்கத்துக்கு வரி விகிதம் 30%. உள்ளூரில் காட்டும் லாபத்துக்கு 15%க்கு மேலேயே வரி விழுகிறது. காட்டாத லாபத்துக்கு இந்த விதி எதுவும் செய்யாது. ஆக, தாமிர விலைச் சிக்கலுக்கு இது மருந்தில்லை.

பயன்படுவது வரிவிடுமுறை கொடுக்கும் நாடுகளுக்கு. 75 கோடி யூரோ விற்றுமுதல் தாண்டிய குழுமத்துக்கு நீங்கள் 0% கொடுத்தால், மிச்சத்தைத் தாய் நாடு வசூலித்துக்கொள்ளும். அதைத் தடுக்க உள்நாட்டிலேயே 15% வரை நிரப்பு வரி போட வேண்டும். வியட்நாம் 2024 முதல் போட்டுவிட்டது. இந்தக் குறைந்தபட்ச வரிக்கான 2021 அக்டோபர் உடன்பாட்டில் அப்போது சேராத நான்கு நாடுகளில் இலங்கையும் ஒன்று (மற்றவை கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான்). உடன்பாட்டில் சேராமலேயே உள்நாட்டு நிரப்பு வரி போடலாம், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். அமெரிக்கக் குழுமங்களுக்குத் தாய்நாட்டுப் பக்க விதிகளிலிருந்து விலக்கு என்று ஜி7 நாடுகள் 2025 ஜூனில் ஒத்துக்கொண்ட பிறகும் இந்த உள்நாட்டு வரி அவர்களுக்கும் பொருந்தும்.

இடைஞ்சல், ஏற்கெனவே 20, 25 ஆண்டுக்கு வரிவிடுமுறை எழுதிக் கொடுத்த ஒப்பந்தங்களில் "சட்டம் மாறினாலும் எங்களுக்கு மாறாது" என்ற ஷரத்து இருக்கும். அதை முதலில் படித்துவிட்டு வரி போடவும்.

---

வரப்பு பதில்:

கடைசியாக ஒன்று. பத்துப் பேர் உள்ள பிரிவு, ஐந்து பெரிய சுரங்கங்கள். முதல் மூன்று மாதம் எதில் கை வைக்க வேண்டும்?

---

கோப்புக்கட்டு பதில்:

ஐந்தையும் தொடாதீர்கள். ஐந்து நிறுவனத்தின் வட்டிச் செலவை மட்டும் 30% வரம்போடு ஒரே வாரத்தில் ஒப்பிடலாம், அதற்கு இரண்டு பேர் போதும். மிச்சம் எட்டுப் பேரும் ஒரே சுரங்கம், ஒரே ஆண்டு. தேர்வு செய்யும் அளவுகோல், தொடர்புடையவருக்கும் வெளியாருக்கும் சேர்ந்து விற்கிற சுரங்கமா என்பது. அப்படி ஒன்று இருந்தால் ஒப்பீடு வீட்டிலேயே இருக்கிறது.

முதல் கடிதத்தில் கேள்வி எழுப்பாதீர்கள், தாள் மட்டும் கேளுங்கள். கேள்வி கேட்டால் தாளுக்கு முன் வக்கீல் வருவார். சுங்கத்துறையிடம் உள்ள தற்காலிக விலைச்சீட்டுகளை அதற்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நிறுவனம் தரும் பிரதியோடு ஒத்துப்பார்க்க. ஆள் பற்றாக்குறைக்கு, ஓ.ஈ.சி.டி.யும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் 2015இல் தொடங்கிய "எல்லைகளற்ற வரி ஆய்வாளர்கள்" திட்டத்தில் ஒரு சுரங்கத் தணிக்கையாளரைக் கேட்கலாம். ஆப்பிரிக்க நாடென்றால் ஆப்பிரிக்க வரி நிர்வாக மன்றமும் உதவும். கேட்கும்போது "பயிற்சி வகுப்பு" என்று கேட்காதீர்கள். இந்தக் கோப்பு, இந்த ஆண்டு என்று கேளுங்கள். வருபவர் உங்கள் ஆளோடு மேசையில் உட்கார்ந்து விலைச்சீட்டைப் புரட்ட வேண்டும்.

இன்னொன்று, காலக்கெடு. மறுமதிப்பீட்டுக்குச் சட்டம் கொடுத்த ஆண்டுகள் எத்தனை என்று பார்த்து, முதலில் காலாவதியாகப் போகும் ஆண்டை எடுங்கள்.

---

துலாக்கோல் பதில்:

எட்டில் ஒருவரை எடைமேடைக்கு அனுப்புங்கள். எடைமேடையின் அளவுத்திருத்தச் சான்றிதழ் எந்தத் தேதியது என்று மட்டும் பார்த்து வரச் சொல்லுங்கள்.